ராஜமேனி அழுக்கு

முன்னொரு காலத்தில், குளிப்பதையே ராஜ்ய காரியமாக வைத்திருந்த ஓர் அரசன் இருந்தான். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிப் படுப்பான். பணியாள் செப்புத் தகட்டால் மேனியை வழித்தெடுப்பான். கடல்தாண்டி வந்த வணிகன் சொல்லிக் கொடுத்த வழக்கம் அது. அந்த வணிகனின் நாட்டில் மல்லர்களின் மேனியில் வழித்த எண்ணெயையும் அழுக்கையும் மருந்தென்று விற்பார்களாம்.

அமைச்சர் இளங்கண்ணர் அதைப் பிடித்துக்கொண்டார். "மல்லனின் அழுக்கே மருந்தென்றால், மன்னரின் அழுக்கு பிரசாதமல்லவா! ஏரியில் தூர் வாருகிறவர்கள் சேற்றோடு ஆற்றில் இறங்கி மன்னர் நீராடும் நீரைக் கெடுக்கிறார்கள். மன்னரின் மேனி அழுக்கைப் பூசிக்கொண்ட பிறகே அவர்கள் ஆற்றில் இறங்கலாம் என ஆணையிடுங்கள்."

அரசனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆணை பறந்தது. அரசன் மேனியில் வழித்ததோ கிண்ணத்தின் அடியைக்கூட மறைக்கவில்லை. ஏரி ஜனம் குளிக்க வழியில்லாமல் கிடந்தது.

அரண்மனை விகடன் நொச்சியாண்டியின் தங்கை மூக்காயியும் அந்த ஏரியில்தான் மண் சுமந்தாள். அவன் போனபோது அவள் கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"என்னண்ணே, ராசா அழுக்கு வந்துருச்சா?"

"சிரிக்காதடி."

"அழுதா மட்டும் தண்ணி விடுவாகளா? அக்குள்ல புண்ணு, தொடையில புண்ணு. சோத்துல கைய வச்சா சேறுதான் வாய்க்குப் போவுது. ஒங்க அரமனையில எவனுக்காச்சும் அரிக்குதா?"

பல்லைக் கடித்துக்கொண்டு சபைக்குத் திரும்பினான் நொச்சியாண்டி. அங்கே இளங்கண்ணர் காத்திருந்தார். "பிரசாதம் பானை நிறைய வேண்டும், அரசே. விகடன் கொண்டு வரட்டும். முடியாவிட்டால் தங்கையோடு கூடை சுமக்கட்டும்."

"கொண்டு வருகிறேன்," என்றான் நொச்சியாண்டி. "ஆனால் அரசே, மல்லன் வியர்க்கிறான், அதனால் அழுக்கு வருகிறது. விசிறிக் காற்றில் படுத்திருக்கும் மேனியில் என்ன வரும்? பானை நிரம்பத் தாங்கள் வியர்க்க வேண்டும்."

"வியர்ப்போமே!" என்றான் அரசன்.

நொச்சியாண்டி அரசனையும் இளங்கண்ணரையும் ஏரிக்கு அழைத்துப்போய், அரசன் தலையில் சும்மாடு வைத்து, மண்கூடையை ஏற்றினான்.

"முட்டிய மடக்கித் தூக்குங்க ராசா," என்றாள் மூக்காயி. "இல்லாட்டி நாளைக்கு எந்திரிக்க மாட்டீக."

வெயில் ஏறியது. வியர்வையும் சேறும் வழிந்தன. வழிக்க வழிக்கப் பானை நிரம்பியது. அரிப்புத் தாங்காமல் அரசன் ஆற்றுக்கு ஓடினான். நொச்சியாண்டி பானையோடு குறுக்கே நின்றான்.

"ஏரியில் இறங்கியவர் இதைப் பூசாமல் ஆற்றில் இறங்கக் கூடாது. தங்கள் ஆணை."

"நாறுகிறதடா!"

"அவர்களுக்கு மட்டும் மணக்குமா, அரசே?"

அவன் குரலில் விகடம் இல்லை. அரசன் அவனையே பார்த்தான். பிறகு திரும்பி, "இளங்கண்ணரே, முதலில் நீர் பூசிக்கொள்ளும்," என்றான்.

இளங்கண்ணர் மூக்கைப் பொத்தினார். "அடியேன் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, அரசே."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த இடத்திலேயே ஆணையை ரத்து செய்தான். அமைச்சர் தலையில் கூடை ஏறியது. பிறகு அரசன் தன் கணையாழியைக் கழற்றி நொச்சியாண்டியிடம் நீட்டினான்.

நொச்சியாண்டி சிரிக்கவுமில்லை, வாங்கவுமில்லை. "அரண்மனை எண்ணெயும் அரப்பும் கரைக்கு வரட்டும். முதலில் இவர்கள் குளிக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

மூக்காயி முதல் ஆளாக ஆற்றில் குதித்தாள். ஜனம் முழுக்கப் பின்னால் இறங்கியது. தன் முறை வரும்வரை அரசன் கரையில் சொறிந்துகொண்டே நின்றான்.