நாலங்குலக் கூடை

கப்பலேறும் உலோகத் தூள் தானாகத் தீப்பிடிக்குமா என்று சோதித்துச் சொல்வது பாக்கியவதியின் வேலை. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவளிடம் அந்த வேலையைக் கற்க வந்தவர் சூசைமுத்து. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

ஒரு நாள் காலையில் சூசைமுத்து தாளை நீட்டினார். இரும்புத் தூள், ஒரு நாள் முழுக்க ஓவனில் இருந்தும் சூடேறவில்லை, மூட்டைகளை அடுக்கலாம் என்று எழுதியிருந்தது.

"தூளை எந்தக் கம்பிவலைக் கூடையில வச்சீங்க?"

"ஒரு அங்குலக் கூடையில."

"நாலங்குலக் கூடையில வைக்கலியா?"

"சின்னதுல பிடிக்காதது பெருசுல மட்டும் பிடிச்சிருமாக்கும்? தூள் ஒண்ணுதானே டீச்சர்."

"சரக்கு யார் கோடவுனுக்குப் போகுது?"

சூசைமுத்து சுவரைப் பார்த்தார். "தங்கதுரை கோடவுனுக்கு."

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் சூசைமுத்து வேலை பார்த்த உப்பளத்தில் செம்புக் கம்பி காணாமல் போனது. தங்கதுரைதான் அப்போது மேஸ்திரி. அத்தனை பேர் முன்னால் சூசைமுத்துவின் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தான். மறுவாரம் கம்பி மோட்டார் அறையிலேயே கிடைத்தது. ஒருவனும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது தங்கதுரை கோடவுன் காவலுக்கு இருக்கிறான். அதன் பின்னறையில்தான் படுக்கிறான்.

இந்தக் கதை பாக்கியவதிக்கும் தெரியும். நாலங்குலக் கம்பிவலைக் கூடையை எடுத்துத் தூளை நிரப்பினாள். சூடு காட்டும் கம்பியை அதன் நடுவில் செருகினாள். ஓவனை நூற்று நாற்பது டிகிரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க," என்றாள்.

மத்தியானத்துக்குள் கம்பி காட்டிய எண் நூற்று நாற்பதைத் தொட்டது. பிறகு நூற்று ஐம்பது ஆனது. நூற்று எழுபது ஆனது.

ஓவனின் சிவப்பு விளக்கு அணைந்தது. இனி ஓவன் சூடு கொடுக்கவில்லை என்று அர்த்தம். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

சூசைமுத்து எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். புகை இல்லை. வாடை இல்லை. தூள் காலையில் இருந்தது போலவே சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தது. எண் இருநூற்றைத் தாண்டியது.

"நாம சூடு கொடுக்கலியே டீச்சர். எங்கேருந்து வருது?"

"அதுவேதான் உண்டாக்குது."

"அப்ப நேத்து ஏன் சும்மா கெடந்துச்சு?"

"நேத்தும் உண்டாக்குச்சு, அண்ணாச்சி. சின்னக் கூடை. வந்த சூடு உடனே வெளியே போயிருச்சு. இதுல நடுவுலேருந்து வெளியே வர வழி தூரம்."

நீளக் கிடுக்கியால் கூடையை எடுத்து மணல் தட்டில் கவிழ்த்தாள். சாம்பல் நிறக் கட்டி ஒன்று விழுந்தது. கரண்டியால் அதைப் பிளந்தாள்.

உள்ளே சிவப்பாக இருந்தது. காற்றுப் பட்டதும் அது மெல்ல விரிந்தது, தூங்குகிற ஒன்று கண் திறப்பது போல.

சூசைமுத்து இரண்டு அடி பின்னால் போனார்.

"தங்கதுரை எத்தனை மூட்டை அடுக்குவார்?" என்று கேட்டாள்.

"முந்நூறு. பின்னறைச் சுவரை ஒட்டி."

"தெரிஞ்சுதான் சின்னக் கூடையை எடுத்தீங்களா?"

அவர் மேசையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தார். புதுத் தாளில், தானாகத் தீப்பிடிக்கும், அடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பொழச்சுப் போறான்," என்றார். "அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். பன்னிரண்டு வருசமாச்சு. எல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு."

பாக்கியவதி அந்தச் சிவப்பின் மேல் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆறிருச்சான்னு எந்த இடத்துல தொட்டுப் பார்த்தீங்க, அண்ணாச்சி?"