வாலனின் புதுக் குரல்

ஓடைக்கரைக் காடு ஒன்றில் வாலன் என்ற இளங்குரங்கும் புள்ளியன் என்ற இளமானும் குட்டிப் பருவம் முதலே இணைபிரியாமல் இருந்தார்கள்.

நாவல் மரத்தின் உச்சியில் வாலன் உட்கார்ந்திருப்பான். அவன் கிளையை உலுக்கினால் "தழை விழுகிறது, வா" என்று பொருள். கத்தினால் "ஆபத்து, ஓடு" என்று பொருள். மற்ற மான்கள் ஒரு வாய் தின்பதற்குள் நாலு முறை நிமிர்ந்து பார்க்கும். புள்ளியனோ வாலனை நம்பி, குனிந்த தலை நிமிராமல் மேய்வான்.

இருவரும் வளர்ந்தார்கள். புள்ளியனுக்குக் கொம்பு முளைத்தது. வாலனுக்குக் குரல் உடைந்தது. ஒரு நாள் அவன் வாயைத் திறந்தபோது, பானைக்குள் கூழாங்கல்லை உருட்டியது போல் ஒரு சத்தம் வந்தது. பக்கத்துக் கிளையில் இருந்த கிளிக்குக் கேட்கவா வேண்டும்? அதை அப்படியே சொல்லிக் காட்டி, காடு முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டது.

வாலனுக்கு மானம் போயிற்று. குரல் சரியாகும்வரை கத்துவதே இல்லை என்று முடிவு செய்தான். அதைப் புள்ளியனிடமாவது சொல்லியிருக்கலாம். அவனிடம் சொல்லவும் வெட்கம்.

ஒரு மத்தியானம், மரத்தடிப் புதருக்குள் சிறுத்தையின் வால் அசைவதை வாலன் பார்த்தான். கத்த வாயெடுத்தான். எதிரே கிளி தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. உடனே வாயை மூடிக்கொண்டு, வேகமாக உலுக்கினால் ஆபத்து என்று புரிந்துகொள்வான் என நினைத்து, கிளையைப் படபடவென்று உலுக்கினான்.

தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளியன், தழை விழுகிறது என்று மரத்தடிக்கே வந்தான்.

வாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளியாவது ஒன்றாவது என்று தொண்டை கிழியக் கத்தினான். புள்ளியன் துள்ளிப் பாய்ந்து தப்பினான். ஆனால் சிறுத்தையின் நகம் அவன் தொடையைக் கிழித்துவிட்டது.

அதன் பிறகு புள்ளியன் அந்தப் பக்கமே வரவில்லை. வாலன் தன்னைச் சிறுத்தையிடம் கூப்பிட்டுவிட்டதாக அவன் நினைக்கிறான் என்று கேள்விப்பட்டபோது, வாலன் கையிலிருந்த பழத்தைத் தின்னாமல் கீழே போட்டான். காற்றில் கிளை ஆடியது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தான். புள்ளியன் அதை நம்பிவிடுவான். அவன் நம்பிவிடுவான் என்பதுதான் வாலனை உறுத்தியது.

மரத்தை விட்டு இறங்கி, பயந்து பயந்து தரையில் நடந்து, மான் கூட்டத்தைத் தேடிப் போனான். புள்ளியன் ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து பார்த்து மேய்ந்துகொண்டிருந்தான்.

"சிறுத்தையைப் பார்த்துட்டுத்தான் உலுக்கினேன்டா. கத்தினா கிளி சிரிக்கும்னு வெட்கப்பட்டேன். தப்பு என்மேலதான்" என்றான் வாலன்.

புள்ளியன் மேய்வதை நிறுத்தினான். பிறகு தலையைத் தாழ்த்திக் காட்டினான்.

"என் கொம்பைப் பாரு. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. நீ சிரிச்சியா?"

"இல்லை."

"அப்புறம் என்கிட்ட மட்டும் ஏன்டா மறைச்ச?"

வாலனுக்கு அழுகை வந்தது.

இருவரும் நாவல் மரத்துக்குத் திரும்பினார்கள். வாலன் உச்சிக்கு ஏறியதும் புள்ளியன் கீழிருந்து சொன்னான்: "ஒரு தடவை கத்து. உன் புதுக் குரல் எனக்குப் பழகணும்."

வாலன் கத்தினான். கிளி சிரித்தது. அவன் இன்னும் உரக்கக் கத்தினான்.

புள்ளியன் காதை நிமிர்த்திக் கேட்டான். பிறகு தலை குனிந்து மேயத் தொடங்கினான்.

நீதி: நண்பனிடம் மறைக்கும் வெட்கம் அவன் உயிருக்கே உலை வைக்கும், போன நம்பிக்கை உண்மையைச் சொன்னால்தான் திரும்பும்.