கடைசி வளைவில் ஒரு நாணயம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தேழு. தூத்துக்குடியில் மாதிரி ரயில் ஓட்டும் ஒன்பது பேர் சேர்ந்து நடத்திய சங்கத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

குரு ஜெபராணி பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்துகிறவர். சீடர் தங்கமாரியப்பன் ஓர் உப்புக் கம்பெனியில் முப்பது வருடம் மேலாளராக இருந்தவர். அங்கே அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். வீட்டிலும் அந்த வழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டு மாடியில் முப்பதடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டிருந்தார். மறுகோடியில் மலையும் மரங்களும் செய்து வைத்தது அவர் மனைவி பேச்சியம்மாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கூடத்துக்குப் போகிறது.

பிள்ளைகள் கை வைத்தால் ரயில் தடம் புரளும். புரண்டால் ஷார்ட் ஆகும். அந்த இடத்தில் ஒரு பொறி பறந்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? இரண்டு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபராணியை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

“டீச்சர், பத்து ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் வாங்கிட்டேன். அதுக்குத் தோதா எந்த பிரேக்கர் போட?”

ஐந்து கம்பெனி பிரேக்கர்களுக்கு அட்டவணையே போட்டு வைத்திருந்தார் மனிதர். ஷார்ட் ஆனதும் எது எவ்வளவு சீக்கிரம் மின்சாரத்தை வெட்டும் என்பதுவரை அதில் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

ஜெபராணி அந்தத் தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கேட்டார்.

டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், இரண்டு தண்டவாளங்களும் சேருகிற மாதிரி நாணயத்தை வைத்தார். இப்போது மாட்டியிருந்த பத்து ஆம்பியர் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. ரயில் நின்றது.

“பரவாயில்லையே, வேலை செய்யுது” என்றார் தங்கமாரியப்பன். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். “நாலு மாசமா இது ஒருதரம்கூட விழுந்ததில்ல. கோளாறு இல்லன்னுதானே அர்த்தம்? கத்தரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்.”

ஜெபராணி நாணயத்தை எடுத்துக்கொண்டார். பிரேக்கரைத் தூக்கிவிட்டு மறுகோடிக்கு நடந்தார். அங்கே மலையருகே நின்றிருந்த பேச்சியம்மாள் விலகி இடம் கொடுத்தார். மலையடிவாரத்தின் கடைசி வளைவில் அதே நாணயத்தை வைத்தார்.

ரயில் நின்றது. பிரேக்கர் விழவில்லை.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. நாணயத்தின் கீழே தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைகள் இளக ஆரம்பித்தன. ஜெபராணி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

அந்த வளைவருகேதான் பிள்ளைகளுக்கு நாற்காலி போடுவதாக இருந்தது. தங்கமாரியப்பன் நாணயத்தை எடுக்கக் கை நீட்டினார். பேச்சியம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாதீங்க. சுடும்.”

பலகைக்கு அடியில் போகும் ஒயரை ஜெபராணி இழுத்துக் காட்டினார். முப்பதடிக்கும் நூல் மாதிரி ஒரே மெல்லிய ஒயர். இங்கே எத்தனை ஷார்ட் ஆனாலும் இதன் வழியே பத்து ஆம்பியர் ஓடாது, ஓடாதவரை பிரேக்கருக்கு ஒன்றும் தெரியாது, ஒயரும் தண்டவாளமும்தான் வேகும் என்று விளக்கினார். தடித்த ஒயர் போட்டு, பாதையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு பிரேக்கர் வைக்கச் சொன்னார்.

தங்கமாரியப்பன் மனைவியைப் பார்த்தார். “சுடும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த வளைவுல ரயில் கவுந்தா எப்பவும் சுடும். ஆடி மாசமே சொன்னேம்லா.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்டதான். வெயில்னு சொன்னீய. பொறவும் ரெண்டு தரம் சொன்னேன். அப்புறம் சொல்லல.”

பேச்சியம்மாள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தங்கமாரியப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த அட்டவணையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிரலாமா டீச்சர்?”

“ஒயரை மாத்த அரை நாள் போதும் அண்ணாச்சி” என்றார் குரு, பேச்சியம்மாளைப் பார்த்தபடி.