விரால் மூச்சு வாங்கும் நேரம்

அந்தக் காலத்தில் மீனுக்கு வாய் இரை தின்ன மட்டும் இல்லை, பேசவும் இருந்தது. நீர்க்காகம் கேலி பேசும், ஆமை யோசித்து யோசித்துப் பதில் சொல்லும். விரால் மட்டும் இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. மற்ற மீன்களைப் போலவே தண்ணீருக்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தது. வெளிக்காற்று என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடிய ஆற்றை மறித்து அப்போதுதான் ஒரு பெரிய அணை எழும்பியிருந்தது. தண்ணீர் ஏறி ஏறி, கரையோரம் இருந்த கீழ்க்குடி என்ற ஊரை மூடிவிட்டது. ஊரார் மேட்டுக்கு வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆற்றில் மீன் எங்கே நிற்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. கடல் மாதிரி விரிந்துகிடக்கும் இந்தத் தண்ணீரில் அது எங்கே நிற்கும் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அவர்களில் அரும்பாயி என்று ஒருத்தி இருந்தாள். பரிசல் ஓட்டுவாள், தூண்டில் போடுவாள். அதைவிட அதிகமாகக் கேள்வி கேட்பாள். ஆமை ஏன் அழுவதுபோல் பார்க்கிறது, பனி எங்கிருந்து இறங்குகிறது என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனாலும் கோடையில் அவளுக்குக் குறையே இல்லை, மீன் மேலேயே திரிந்தது. முள்ளில் தவளையைக் கோத்து வீசி, தண்ணீர் மேல் துள்ளத் துள்ள இழுத்தால் போதும். விரால் பாய்ந்து கவ்வும்.

மார்கழி வந்ததும் எல்லாம் நின்றுபோனது.

அந்த மார்கழியில்தான் அவளுக்கு விரால் மிகவும் வேண்டியிருந்தது. புருஷன் சடையனைக் காட்டுப்பன்றி தொடையில் கிழித்திருந்தது. புண் வாய் மூடவில்லை. "விரால் சாறு வெச்சுக் குடும்மா. தை பொறக்கறதுக்குள்ள சதை கூடலேன்னா காலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தினமும் வெறுங்கூடையோடு திரும்பி வருபவளைப் பார்த்துச் சடையன் கேட்பான்: "என்ன புள்ள, இன்னிக்கும் பரிசலைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனியா?"

"மீனெல்லாம் எங்க மாமா போயிருக்கும்?"

"எங்க போகும்? நீ கேக்கற கேள்விக்குப் பயந்து ஊரைக் காலி பண்ணிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரிப்பான். வலி பிடித்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதுவாள்.

ஒருநாள் விடிந்ததும் பரிசலை எடுத்தாள். குளிருக்கு ஒரு கணப்புச் சட்டி, அதை ஊத ஊதுகுழல், கூடவே இரண்டு தூண்டில். மூழ்கிய ஊரின் புளியமரம் உச்சிக்கிளை மட்டும் வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தது. அங்கே போய்த் தவளையை வீசித் துள்ளத் துள்ள இழுத்தாள். வீசினாள், இழுத்தாள். ஒன்றுமில்லை.

கிளையில் சிறகை விரித்து உட்கார்ந்திருந்த நீர்க்காகம் வாயைத் திறந்தது. "என்னம்மா அரும்பாயி, தவளைக்கு ஓட்டப் பந்தயமா?"

"நக்கல் போதும். மீன் எங்கேன்னு தெரிஞ்சா சொல்லு."

"தெரிஞ்சா நான் ஏன் பசியோட உக்காந்திருக்கேன்? மேல ஒண்ணும் கிடையாது. அடியில ஏதோ இருக்கு. கட்டையா மீனான்னு தெரியல, அசையாமக் கிடக்கு."

அசையாமல் கிடக்கிறதா? ஏன்? கேள்வி மனசுக்குள் புகுந்துகொண்டது. அதற்குள் விரல்கள் மரத்துவிட, தூண்டிற்கோலைக் காலுக்கடியில் செருகிக்கொண்டு குனிந்து கணப்பை ஊதினாள். இழுக்க ஆளில்லாத தவளை புளியமரத் தண்டையொட்டி இறங்கி இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது.

யாரோ முந்தானையைப் பிடித்து மெல்ல இழுப்பதுபோல் காலடியில் கோல் அசைந்தது. கிளையில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துத் தூக்கினாள். கிளை பக்கவாட்டில் நகர்ந்தது. தூண்டில் நரம்பு அறுந்துவிடாதபடி பதமாக ஏற்றிக் கொண்டுவந்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு கருவிரால் பரிசலுக்குள் வந்து விழுந்தது.

"புடிச்சிட்டே, சரி. வாயைக் கிழிக்காம முள்ளை எடு" என்றது விரால்.

அவள் முள்ளை எடுத்தாள். அடுத்து கத்தியைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி முந்திக்கொண்டது. "இத்தனை நாளா ஏன் வரலே? கோடையில எப்படிப் பாஞ்சு வருவீங்க!"

"கோடைத் தவளையும் மார்கழித் தவளையும் ஒண்ணா? இந்தக் குளிர்ல எந்தத் தவளை அப்படித் துள்ளும்? உன்னுது பொய்த் தவளைன்னு அடியில எல்லாருக்கும் தெரியும், சிரிச்சுக்கிட்டுக் கிடந்தோம். எங்களுக்கும் உடம்பு கல்லாட்டம் கனக்குது. துரத்திப் போனா, தின்னு கிடைக்கறதைவிட ஓடிக் கரையறது அதிகம். வாய்க்குப் பக்கத்துல வந்து விழுந்தா உண்டு. இல்லேன்னா பட்டினி."

"அப்ப அடியில எந்த இடத்துல..."

விராலுக்கு மூச்சு முட்டியது. செவுள் விரிந்து விரிந்து மூடியது. கண் மங்கியது. அவள் தண்ணீரை அள்ளித் தெளித்தாள், அது பரிசலின் தோலில் வழிந்து ஓடியது. தண்ணீரில் இறக்கினால் மீன் போய்விடும். இப்படியே விட்டால் செத்துவிடும், பதிலும் அதோடு போய்விடும்.

கையில் ஊதுகுழல் இருந்தது. அணையப் போகும் கங்குக்கு என்ன செய்வோமோ அதையே செய்தாள். குழலை விராலின் வாயில் வைத்து நிதானமாக ஊதினாள். அவள் மூச்சு உள்ளே போய், செவுளுக்குப் பக்கத்தில் ஒரு குழியில் தங்கியது.

விரால் கண் திறந்தது. "என்ன இது?"

"என் மூச்சு."

"வெதுவெதுன்னு இருக்கே! தண்ணியில இந்த ருசி இல்லையே. இன்னும் கொஞ்சம் ஊது." அவள் ஊதினாள். "இது மேல எங்க கிடைக்கும்?"

"மேல முழுக்க இதுதான்."

"முழுக்கவா?" விரால் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது.

அரும்பாயி கத்தியை எடுத்தாள். கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள். "உன்னை விட்டா என் வீட்டுக்காரருக்குக் கால் போயிரும். உன்னை அறுத்தா என் மூச்சையே அறுத்த மாதிரி. என்னதான் செய்யறது நான்?"

"உன் கேள்விக்குப் பதில் சொல்றேன், கேட்டுக்க. குளிர் வந்தா நாங்க பழைய ஆத்துக்கரை செங்குத்தா இறங்குற இடத்துல ஒதுங்குவோம். அதைவிட நல்ல இடம் உங்க ஊர்க் கிணத்து வாய். அங்க தண்ணி மாறாது, ஒரே சீரா இருக்கும். போய் இரையை இறக்கி வை. இழுக்காதே."

"அங்க இருக்கறது யாரு?"

"என் பங்காளிங்கதான்."

"அவங்களையே காட்டிக் குடுக்கறியே?"

"இறக்கறது உன் சாமர்த்தியம், ஏமாறாம இருக்கறது அவங்க சாமர்த்தியம். நானும் தவளைகளை ஏமாத்தித்தானே இந்த உடம்பை வளர்த்தேன்?" விரால் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "ஆனா ஒண்ணு. இந்தக் காத்தை ருசி பாத்துட்டேன், இனி மேல வராம இருக்க முடியாது. என் குஞ்சுகளுக்கும் சொல்லிக் குடுப்பேன். வர்றப்ப குமிழி விடும், நாங்க எங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும். அந்த நேரத்துல..."

"வீச மாட்டேன்."

"உன் ஆளுங்க?"

"அவங்களும் வீச மாட்டாங்க. நான் கேட்டுக் கேட்டே அவங்களை ஒத்துக்க வெச்சிருவேன்."

விராலை இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீருக்குள் விட்டாள். வாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறைந்தது.

கிணறு இருந்த இடம் அவளுக்கா தெரியாது? குடம் சுமந்த கால்கள் அல்லவா! புளியமரத்தை முதுகுக்கு நேராக வைத்து, மலைக் கணவாய்க்கு எதிரே பரிசலைத் தள்ளினாள். கனத்துக்கு ஈயம் கட்டித் தவளையை இறக்கினாள். நரம்பு போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் தளர்ந்தது. இழு, இழு என்று கை அரித்தது. அரிக்கிற கையில் ஊதுகுழலைக் கொடுத்து வைத்தாள்.

பனி மேலே ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. விரால் பொய் சொல்லியிருக்குமோ? சடையன் பாதியில் நிறுத்திய சிரிப்பு காதில் கேட்டது.

அப்போது பரிசலுக்குப் பக்கத்திலேயே குமிழி விட்டது. அதே கருவிரால். தலையை நீட்டி, வாயைத் திறந்து, கண்ணை மூடிக் காற்றை வாங்கியது. எட்டினால் கைக்கே கிடைக்கும். மடியில் இன்னொரு தூண்டில் கோத்துத் தயாராக இருந்தது.

"போடு! போட்டுத் தொலை!" என்று கத்தியது நீர்க்காகம். "உன் புருஷன் காலு அதோ மிதக்குது பாரு!"

அவள் கை மடிக்குப் போனது, தூண்டிலைத் தொட்டது. அங்கேயே நின்றது. விரால் வாங்கி முடிக்கிறவரை அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவளைப் பார்க்கக்கூட இல்லை. நிதானமாக இறங்கிப் போனது.

அவள் மூச்சை விட்டாள். கிணற்றுக்குள் இறங்கியிருந்த நரம்பை யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல் மெல்ல இழுத்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் விரால் சாறு கொதித்தது. அதற்குப் பிறகும் அந்த மார்கழி முழுக்க அடுப்பில் சாறு குறையவில்லை. தை பிறந்தபோது சடையன் கம்பை ஊன்றி வாசலுக்கு வந்து, "கிணத்துல மீன் புடிச்ச முதல் பொம்பளை நீதான் புள்ள" என்றான். இந்தத் தடவை சிரித்து முடித்தான்.

அன்று முதல்தான் விரால் தண்ணீருக்குள் இருந்துகொண்டே காற்றுக்காக மேலே வருகிறது. மார்கழியில் தூண்டில் போடுகிறவர்களும் இரையை ஆழத்தில் இறக்கிவிட்டு அசைக்காமல் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் விரால் குமிழி விட்டால் அந்த அணைக்கரை ஊரார் தூண்டிலைத் தொடுவதில்லை. அது மூச்சு வாங்கி முடிக்கிறவரை தங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.