ஐம்பதாயிரத்தைக் கரைக்கப் போன அண்ணாச்சி

குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. நடத்தி வந்தவர் சாமியம்மா. வயது நாற்பதுகூட இருக்காது. சீடர்களில் மூத்தவர் பால்வண்ணம், அறுபதைத் தாண்டியவர். தென்காசியில் பாத்திரக்கடை நடத்தி, பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, காவி வாங்கியே தீருவேன் என்று வந்து உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. காவிதான் கிடைத்தபாடில்லை. கேட்கும்போதெல்லாம் சாமியம்மா, "பாக்கலாம் அண்ணாச்சி" என்பார். குருவே ஆனாலும் கடைக்காரரை அந்த ஊரில் வேறு எப்படிக் கூப்பிடுவது?

குருபூசை அன்று பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு பழைய சிரிப்புப் படம் போட்டார்கள். ஒன்றுமில்லாத ஒரு குமாஸ்தாவுக்கு எங்கிருந்தோ கொள்ளைப் பணம் வந்து விழும். அவன் அதை வாரி இறைப்பான். குளிக்கப் பன்னீர், நாய்க்குட்டிக்குப் பட்டுத் தலையணை, வண்டி மாட்டுக்கு வெள்ளிக் கொலுசு. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சாமியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் பால்வண்ணம் மட்டும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அவர் சாமியம்மா முன்னால் வந்து நின்றார்.

"தாயே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எங்களையெல்லாம் ஆசையை விடச் சொல்லுதீங்க. அந்த ஊதாரிப் பயலைப் பாத்து அப்படிச் சிரிச்சீங்களே, இது என்ன நியாயம்?"

சாமியம்மா அவர் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.

"அதுல என்ன?"

"நாலுவழிச் சாலைக்குப் போன தரிசுக்குப் பணம் வந்திருக்கு. கனவுலகூட நினைக்கல. ஐம்பதாயிரம் என் பங்குன்னு பயலுவ குடுத்து விட்டிருக்கானுவ. உங்க காலடியில வச்சிரலாம்னு..."

"இங்க வேண்டாம். விளக்கு வைக்கறதுக்குள்ள செலவழிச்சிட்டு வாங்க."

"யாருக்குத் தாயே?"

"தர்மம் பண்ணக் கூடாது. மடத்துக்கு உருப்படியா எதுவும் வாங்கக் கூடாது. படத்துல அவன் செஞ்சான்ல, அப்படி. ஒத்த ரூவா மிச்சமில்லாம வந்தா இன்னைக்கே காவி."

"மிச்சம் இருந்தா?"

"அப்புறம் காவிங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

பால்வண்ணம் யோசித்துப் பார்த்தார். பணத்தைத் தொலைப்பது என்ன பெரிய வித்தையா? ஊரில் பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆடிச் சாரல். அருவிக்கரை பூராவும் ஜனக்காடு. முதலில் கண்ணில் பட்டது மங்குஸ்தான் விற்கிற அம்மா.

"கிலோ என்ன விலை?"

"நானூறு."

"பாதி தோலுதானே. முந்நூறுன்னு போடு, கூடையோட எடுத்துக்கிடுதேன்."

"கூடையோடயா? அப்ப இருநூத்தம்பதாவே குடுங்க அண்ணாச்சி!"

பால்வண்ணத்துக்கு மனசு குளிர்ந்தது. நாள் நல்லபடியாகத் தொடங்கியிருக்கிறது.

பலூன்காரனிடம் கம்போடு மொத்தமாக விலை பேசினார். அல்வாக் கடையில், "நேத்துப் போட்டதுதானே வே?" என்று ஒரே ஒரு கேள்வி, கடைக்காரர் முகம் சுருங்கி விலை இறங்கிவிட்டது. கல்யாண ஊர்வலத்துக் குதிரைக்காரன் ஐயாயிரம் என்றான்.

"ஆடி மாசத்துல எவன்டா கல்யாணம் பண்ணுதான்? குதிரை சும்மாதானே நின்னு தின்னுது. ரெண்டு வாங்கிக்கோ."

கடைசியாக நையாண்டி மேளம். தவில்காரர் கோமதிநாயகம் இறங்கி வரவே மாட்டேன் என்றார். பால்வண்ணம் விடுவாரா? "இன்னைக்கு எந்தக் கோயில்ல வே கொடை விழா?" என்று கேட்டு, எழுந்து போவது போலப் போய், திரும்பி வந்து, ஒரு வழியாகப் படிய வைத்தார். இவ்வளவு சந்தோஷமான நாள் அவருக்குக் கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு வாய்த்ததே இல்லை.

பொழுது சாய, குதிரைமேல் பால்வண்ணம். தலைக்கு மேலே பலூன் கூட்டம். முன்னால் மேளம், பின்னால் அல்வாத் தட்டு, பழக்கூடை. அடேயப்பா, ஊரே பின்னால் வந்தது. மடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"ஜமாய்ச்சிட்டீங்களே அண்ணாச்சி!" என்றார் சாமியம்மா.

"பின்ன சும்மாவா தாயே!" குதிரையிலிருந்து இறங்கிய பால்வண்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "இத்தனையும் ஐம்பதாயிரம் பெறும். வேற எவனாவது போயிருந்தா தலையில மொளகா அரைச்சிருப்பானுவ. நான் முப்பத்திரெண்டுல முடிச்சிட்டேன். இந்தா பாருங்க, பதினெட்டாயிரம் மிச்சம்!"

நோட்டுக் கட்டை உருவி, எல்லாரும் பார்க்கட்டும் என்று உயர்த்திக் காட்டினார்.

உயர்ந்த கை அப்படியே நின்றது. மேளம் ஓய்ந்தது. பால்வண்ணத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று வருஷம்! அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"தாயே... பாதிக்கு மேல செலவழிச்சிருக்கேனே."

"ம்."

"முழு வேட்டி வேண்டாம். மேல போட ஒரு துண்டு மட்டும்..."

"ம்."

"துண்டுலயும் பாதி போதும் தாயே. ஒரு முழம்..."

சாமியம்மாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, நேத்து நான் அந்தப் படத்தைப் பாத்துச் சிரிக்கல."

"பின்ன?"

"அவன் மாட்டுக்குக் கொலுசு வாங்கினப்ப, 'இந்த எடைக்கு இவ்வளவா, ஏமாத்திட்டான் சண்டாளன்'னு நீங்க பக்கத்துல உக்காந்து பொருமினீங்களே. அதுக்குத்தான்."

பால்வண்ணத்தின் தொண்டைக்குள் ஏதோ கிளம்பியது. இருமல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டு, "ஒரு முழம் கேட்டேனே தாயே, ஒரு முழம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை. குதிரைக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த கட்டை அப்படியே கோமதிநாயகத்தின் மடியில் திணித்தார்.

"அடிங்க வே!"

"எத்தனை பாட்டு அண்ணாச்சி?"

பால்வண்ணத்தின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"உம்ம இஷ்டம்."

தவில் அதிர்ந்தது. நாகஸ்வரக்காரருக்குக் கன்னம் புடைத்தது. சாரல் தூற ஆரம்பித்தது, ஒருத்தரும் நகரவில்லை. பலூனை அவிழ்த்து அவரவர் கையில் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் பால்வண்ணம், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தாளம் தப்பித் தப்பி ஆடிக்கொண்டிருந்தார்.

சாமியம்மா உள்ளே போய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, மடித்த காவி வேட்டியோடு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதை அவர்முன் நீட்டினார்.

"அண்ணாச்சி, இந்தாங்க."

பால்வண்ணம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை அங்கிட்டு எங்கயாவது வைங்க தாயே. அடுத்த பாட்டு ஆரம்பிக்கப் போறான்!"

"கட்டிக்கிட்டே ஆடுங்க" என்றார் சாமியம்மா.