கற்பூரம் போன வழி

கடலும் காற்றும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஆழித்துறை என்றொரு துறைமுகம் இருந்தது. சுங்கத்தலைவர் வல்லபராயர் சோதித்து முத்திரை வைக்காமல் எந்தச் சரக்கும் ஊருக்குள் போகாது. அவரோ அவசரமே அறியாதவர்.

சேகனா மரைக்காயரின் கப்பலில் கற்பூரம் வந்து இறங்கியது. காற்றில் கரையாமலிருக்க அதில் மிளகு போட்டிருந்தார்கள். "இது சொல்லாமல் கொண்டுவந்த சரக்கு" என்று மிளகைப் பொறுக்கி எடுக்க வைத்தார் ராயர். சோதனை முடியும்வரை பெட்டிகள் சுங்கக் கிடங்கில் திறந்தே கிடக்க வேண்டும் என்றும் உத்தரவு.

ராயர் தினமும் கிடங்குக்கு வந்து, "நாளைக்குப் பார்ப்போம்" என்று திரும்பிப் போனார். மழைக்காலம் வந்து போனது. கிடங்கிலிருந்து குளிர்ந்த வாசம் ஒன்று கிளம்பித் தெருத்தெருவாக நடந்தது. கோயிலுக்குள் படுத்ததுபோல ஊரே சுகமாகத் தூங்கியது, மீன்கூடைகூட மணத்தது. கப்பல் சமையல்காரன் சூசை மணலில் படுத்து, வானத்தில் வெள்ளைக் கப்பல்கள் மிதப்பதாகக் கனாக் கண்டான்.

ஒருவழியாக ராயர் சோதிக்க வந்தபோது பெட்டிகளின் அடியில் ஒரு பிடிதான் மிச்சம்.

"மரைக்காயரே, முத்திரையில்லாமல் சரக்கைக் கடத்தியிருக்கிறீர். பொழுது சாய்வதற்குள் சரக்கு திரும்பி வராவிட்டால் கப்பல் அரசுக்கு."

சூசை முன்னால் வந்து கும்பிட்டான்.

"கடத்தினவரைக் காட்டுறேன் எசமான். யாராயிருந்தாலும் தண்டிப்பீங்களா?"

"தண்டிப்பேன். யாரவன்?"

"உங்க அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் உதறுங்க."

உதறினார். கிடங்கெல்லாம் கற்பூர வாசம்.

"தினமும் கிடங்குக்கு வர்றீங்க, தினமும் இதை வீட்டுக்குக் கொண்டுபோறீங்க. முத்திரை எங்கே எசமான்?"

ராயர் தன் தோளை மெல்ல முகர்ந்து பார்த்தார். கப்பல் அப்போதே விடுபட்டது.

மறுநாள் கருவாட்டுக் கப்பல் ஒன்று வந்தது. நங்கூரம் நனையுமுன்பே ராயர் முத்திரையோடு கரையில் நின்றார்.