பாதியிலேயே ‘சரி’ சொல்லும் சார்ஜர்

ஓசூரில் சார்ஜர் கம்பெனி வைத்திருக்கும் ஏகாம்பரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே லேப்டாப் கம்பெனிக்குள் நுழைந்து ரெஜினாவின் முன்னால் நின்றார். சார்ஜரோடு பேசி மின்சாரம் கேட்டு வாங்கும் கெர்னல் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுகிறவள் அவள். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய அந்த நிரலில் அவருடைய சார்ஜருக்கு மட்டும், “இதனிடம் இரண்டு தரம் கேள்” என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தாள்.

“உலகமே படிக்கிற கோடுல என் மானத்தை வாங்கிட்டியேம்மா. அந்த வரியைத் தூக்கு. சார்ஜும் ஒழுங்கா ஏறணும்.”

“தூக்கினா லேப்டாப் புகைஞ்சிடும் சார். எத்தனை வோல்ட்டுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்க சார்ஜர் சரின்னுடுது. ஒன்பது கேட்டா இருபதைக் கொட்டுது.”

“அது சுறுசுறுப்பும்மா. என்னை மாதிரி.”

ரெஜினா பெருமூச்சு விட்டு விசைப்பலகையில் கை வைத்தாள். “அப்போ இந்த வரியை நான் இப்பவே...”

“சரிம்மா, சரி.”

“...ஊர் அறிய நிரந்தரமாக்கிடட்டுமா?”

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் ஏகாம்பரத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“காபி சாப்பிடறீங்களா சார்?” என்றாள்.

இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. அவள் இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் தலையாட்டினார்.